அத்தியாயம் 6: கேட்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில்

(உளவியல் மாணவர்களுக்கான துறை ஆங்கிலம்: கல்லூரி ஆங்கில ஆசிரியர்களுக்கு)

புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010இல் ஒரு மருத்துவப் பேருந்து ஓடத் தொடங்கியது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் அமைப்பின் தொலை உளமருத்துவத் திட்டம் அது. பேருந்துக்குள் திரையும் கேமராவும் மருந்தகமும் உண்டு. நோயாளி தன் ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் பேருந்தில் உட்கார்ந்திருப்பார். மனநல மருத்துவர் சென்னையிலிருந்தபடியே அவரிடம் பேசுவார். எழுதிக்கொடுக்கும் மருந்து அங்கேயே கிடைக்கும். நோயாளிகளைக் கண்டறிவதும், சிகிச்சையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் வட்டாரத்திலேயே பயிற்சி பெற்ற களப்பணியாளர்களின் பொறுப்பு.

உளவியல் படித்தவர் இந்த மாவட்டத்தில் எந்த வேலைக்குப் போனாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்பார். மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம், 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 டெலி மனஸ் உதவி எண் என எங்கே அமர்ந்தாலும் எதிரில் இருப்பவர் தமிழில் பேசுவார். ஆனால் படித்த பாடநூலும் நோய் வகைப்பாடும் மருந்துப் பெயரும் அளவுகோலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மேலே அனுப்பும் அறிக்கையும் அப்படியே. காதுக்கு ஒரு மொழி, கைக்கு இன்னொரு மொழி.

வழக்கமான ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பு இந்த வேலைக்கு உதவாது. ஓட்டலில் தோசை கேட்பதையும் நண்பரை விருந்துக்கு அழைப்பதையும் ஆங்கிலத்தில் பழகிய மாணவர், “நெஞ்சு படபடங்குது” என்று ஒருவர் சொன்னதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நிற்பார். தமிழில் கேட்டதைச் சேதாரமில்லாமல் ஆங்கிலத்தில் பதிவதுதான் உளவியல் மாணவரின் துறை ஆங்கிலம். ஆகவே அந்த வகுப்பில் தமிழை வாசலில் நிறுத்தக் கூடாது. இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்பவை.

6.1 தேவையை முதலில் கேளுங்கள்

கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம் எல்லாத் துறைக்கும் பொதுவானது. துறை சார்ந்த ஆங்கிலம் வேண்டும் என்றுதான் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2020–21இல் ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ பாடத்தைக் கொண்டுவந்தது. கலை–சமூக அறிவியல், வணிகம்–மேலாண்மை, உயிர் அறிவியல், பௌதிக அறிவியல் என்று நான்கு பிரிவுகள். உளவியல் இவற்றில் எதிலும் முழுதாக அடங்காது. மூளையையும் நரம்பையும் பேசும்போது அது உயிர் அறிவியல். குடும்பத்தையும் கூட்டத்தையும் பேசும்போது சமூக அறிவியல். இரண்டுக்கும் நடுவே பக்கத்துக்குப் பக்கம் புள்ளியியல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே கையில் இருக்கும் நூல் எதுவானாலும் உளவியல் வகுப்புக்கென்று தனியாகக் கொஞ்சம் பாடப்பொருளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எதைச் சேர்ப்பது? துறை ஆங்கிலக் கல்வியில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் 1987ஆம் ஆண்டு நூலில் ஹட்சின்சனும் வாட்டர்ஸும் முன்வைத்த அடிப்படைக் கேள்வி, இந்த மாணவருக்கு ஆங்கிலம் எதற்கு என்பது. முதல் வாரத்தில் இதை மூன்று பேரிடம் கேளுங்கள்.

• மாணவரிடம்: போன மாதம் ஆங்கிலத்தில் எதைப் படித்தீர்கள், எதை எழுதினீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்?
• உளவியல் ஆசிரியரிடம்: தேர்வுத் தாளிலும் ரெக்கார்டு நோட்டிலும் திரும்பத் திரும்ப வரும் மொழிக் கோளாறு எது?
• வேலையில் இருக்கும் முன்னாள் மாணவரிடம்: தினமும் எழுத வேண்டியிருப்பது என்ன?

பதில்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு வேலைகள் தேறும்: ஆய்வுக் கட்டுரை வாசிப்பது, சோதனைப் பதிவேடு எழுதுவது, நேர்காணலைப் பதிவது, வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பது. இந்த நான்கும்தான் உங்கள் பாடத்திட்டம்.

உளவியல் தெரியாமல் இதை எப்படி நடத்துவது என்ற தயக்கம் வரும். டட்லி-எவன்ஸும் செயின்ட் ஜானும் 1998இல் எழுதிய நூலில் துறை ஆசிரியரோடு சேர்ந்து நடப்பதற்கு மூன்று படிகளைச் சொன்னார்கள். தகவல் கேட்டுப் பெறுவது முதல் படி. வகுப்புக்கு வெளியே சேர்ந்து பாடம் தயாரிப்பது இரண்டாவது. ஒரே வகுப்பில் இருவரும் நின்று நடத்துவது மூன்றாவது. முதல் படி போதும், தொடங்கிவிடலாம். உளவியலை நீங்கள் கற்பிக்கப் போவதில்லை, அதன் எழுத்தைக் கற்பிக்கப் போகிறீர்கள்.

வேலையோடு சேர்த்துக் கற்பிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்கள்கூட ஆர்வமாக வந்தார்கள்.

6.2 சொற்கள்: மூன்று அடுக்கு

கலைச்சொற்களைப் பற்றித்தான் ஆங்கில ஆசிரியர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். உண்மையில் மாணவரைத் தடுக்கி விழச் செய்பவை அவை அல்ல.

முதல் அடுக்கு, எல்லாத் துறைக் கட்டுரைகளிலும் வரும் கல்விச் சொற்கள். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இப்படி 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்வி நூல்களின் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவையே. அசெஸ், இண்டிகேட், இன்டர்பிரெட், அஸ்யூம், வேரி, ரெஸ்பாண்ட் போன்ற வினைகள் தெரியாமல் எந்த உளவியல் கட்டுரையிலும் ஒரு பத்தி நகராது. வாரத்துக்கு 15 சொற்கள் எடுத்து, அவற்றை உளவியல் வாக்கியங்களிலேயே பழக்குங்கள்.

இரண்டாம் அடுக்குதான் ஆபத்தானது. அன்றாட ஆங்கிலத்தில் மாணவருக்குத் தெரிந்த சொல், உளவியலில் வேறு பொருளோடு வந்து நிற்கும். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டுவார். தெரிந்த சொல் என்பதால் தாண்டிப் போய்விடுவார். கீழே உள்ளவற்றுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம்.

• நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்: தண்டனை என்று எழுதாத மாணவர் அரிது. பிடிக்காத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்படுவதே இது. பையன் செல்போனைக் கீழே வைத்தவுடன் அம்மாவின் திட்டு நிற்கிறது, அதனால் கீழே வைக்கும் பழக்கம் கூடுகிறது. ‘நெகட்டிவ்’ என்பது இங்கே நீக்கம், கெட்டது அல்ல.
• சிக்னிஃபிகன்ட்: முக்கியமானது என்பதல்ல. பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது போன்ற ஒரு புள்ளியியல் முடிவு. மிகச் சிறிய, நடைமுறையில் பயனே இல்லாத வேறுபாடுகூட ‘சிக்னிஃபிகன்ட்’ ஆகலாம்.
• அஃபெக்ட்: பெயர்ச்சொல்லாக வரும்போது, முகத்திலும் குரலிலும் வெளியே தெரியும் உணர்ச்சி. உள்ளே நீடிக்கும் மனநிலை ‘மூட்’.
• எக்ஸ்டிங்ஷன்: உயிரினம் அழிவதல்ல, கற்ற பழக்கம் தேய்ந்து மறைவது.
• கன்ட்ரோல்: அடக்குவதல்ல, ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் குழு.

மூன்றாம் அடுக்கு தூய கலைச்சொற்கள். இவற்றை உளவியல் ஆசிரியர் எப்படியும் நடத்திவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியது, நெருங்கிய சொற்களைப் பிரித்துக் காட்ட எடுத்துக்காட்டுகளைத் தருவது மட்டுமே. நம் ஊர் வேதாந்தக் கயிறும் பாம்பும் இதற்கு நன்றாக உதவும். மங்கலான வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பாகப் பார்த்தால் ‘இல்யூஷன்’. கயிறே இல்லாத இடத்தில் பாம்பைப் பார்த்தால் ‘ஹலூசினேஷன்’. என்னைக் கொல்லப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பாம்பை ஏவிவிட்டார் என்று, எந்தச் சான்று காட்டினாலும் அசையாமல் நம்பினால் ‘டெல்யூஷன்’. தமிழ்ச் சொல் தேவைப்படும்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பையும் அரசின் சொற்குவைத் தளத்தையும் பார்க்கப் பழக்குங்கள்.

6.3 வாசிப்பு: கட்டுரையின் எலும்புக்கூடு

முதலாண்டு மாணவரிடம் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து அகராதியோடு தொடங்கி இரண்டாம் பத்தியில் சோர்ந்துவிடுவார். வாசிக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தலைப்பு. அடுத்து அட்டவணையும் வரைபடமும், ஏனென்றால் எண்ணுக்கு மொழித்தடை குறைவு. பிறகு சுருக்கம், கடைசியில் முன்னுரை.

முன்னுரையைப் பிரித்துக் காட்ட ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கிய மூன்று நகர்வுகள் போதும். இந்தத் துறையில் இதுவரை என்ன தெரியும், எங்கே இடைவெளி இருக்கிறது, இந்தக் கட்டுரை அதை எப்படி நிரப்பப் போகிறது. மூன்று நிறப் பென்சில் கொடுத்து அடிக்கோடு போடச் சொல்லுங்கள். குழுவில் தமிழில் வாதாடட்டும். ‘ஹவெவர்’ என்ற சொல் வந்தால் பெரும்பாலும் இரண்டாம் நகர்வு பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முதல் கட்டுரையாக எதைக் கொடுக்கலாம்? எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வைப் பரிந்துரைக்கிறேன். அது சுருக்கமானது, அதன் மையமே ஒரு வினைச்சொல். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் வினை மட்டும் மாறியது. ‘ஸ்மாஷ்டு’ என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், அதாவது 65 கி.மீ.க்கு மேல். ‘கான்டாக்டட்’ என்று கேட்டவர்களுக்கு 31.8 மைல், சுமார் 51 கி.மீ. இரண்டாம் சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘ஸ்மாஷ்டு’ குழுவின் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘ஹிட்’ குழுவின் 50 பேரில் 7 பேர்.

வகுப்பில் செய்ய: ஒரு விபத்துக் காட்சியைச் செல்போனில் காட்டுங்கள். ஒரு பாதிக்கு “கார்கள் உரசியபோது என்ன வேகம்?” என்றும், மறுபாதிக்கு “கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?” என்றும் எழுதிய தாளைக் கொடுங்கள். சராசரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு கட்டுரையைக் கையில் கொடுங்கள். தாங்களே செய்த சோதனையின் கட்டுரை என்பதால் வாசிப்பு வேகம் பிடிக்கும். வகுப்பின் முடிவு லாஃப்டஸின் முடிவோடு ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. ஏன் என்று ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுத அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இந்த முறைக்குத் தென்னிந்தியாவிலேயே முன்னோடி உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் இலக்கணத்தை முன்னால் வைக்கவில்லை. யோசித்துத் தீர்க்க வேண்டிய கணக்குகளை வைத்தார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாக உள்ளே போகும் என்பது அவர் கொள்கை. உளவியல் மாணவருக்கு அவருடைய பாடமே தீராத கணக்கு.

6.4 ரெக்கார்டு நோட்டு: செய்ததை எழுதுவது

உளவியல் செய்முறை வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகள் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதப்படுவது ஊரறிந்தது. “தி சப்ஜெக்ட் வாஸ் ஸீட்டட் கம்ஃபர்டபிளி” என்ற வரி தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. மாணவர் உண்மையில் நின்றுகொண்டு சோதனை செய்திருந்தாலும் நோட்டில் உட்கார்ந்தே இருப்பார்.

நோட்டைக் காப்பியடிக்க முடியாத ஒரு சோதனையை உங்கள் வகுப்பிலேயே வையுங்கள். ஸ்ட்ரூப் 1935இல் விவரித்த சோதனை இதற்குப் பொருத்தமானது. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதியிருப்பார்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். மூன்று தாள் தயாரியுங்கள்: தமிழ் நிறச்சொற்கள் 20, ஆங்கில நிறச்சொற்கள் 20, வெறும் நிறக் கட்டங்கள் 20. இருவர் இருவராக அமர்ந்து செல்போன் கடிகாரத்தில் நேரம் குறிக்கட்டும். எந்த மொழி மனத்தில் வேரூன்றியிருக்கிறதோ அந்த மொழியில் தடுமாற்றம் கூடும் என்பதை இருமொழியாளர் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவரும் ஆங்கிலவழியில் படித்தவரும் ஒரே பெஞ்சில் இருந்தால் விவாதம் களைகட்டும்.

பிறகு எழுதச் சொல்லுங்கள். நான்கு விதிகள் போதும்.

1. செய்ததை இறந்தகாலத்தில் எழுதுக. பாடநூல் கட்டளையாகச் சொன்னதை அப்படியே இறக்கக் கூடாது.
2. ‘சப்ஜெக்ட்’ வேண்டாம், ‘பார்டிசிபன்ட்’ போதும்.
3. தமிழ் ‘அவர்’ ஆணா பெண்ணா என்று சொல்லாது, ஆங்கிலம் கேட்கும். தெரியாவிட்டால் ஒருமைப் பொருளில் ‘தே’ எழுதலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக்கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது.
4. முடிவுரையில் ‘ப்ரூவ்ஸ்’ என்ற சொல்லைத் தடைசெய்க. ‘சஜெஸ்ட்ஸ்’, ‘இண்டிகேட்ஸ்’, ‘மே’ ஆகியவற்றில் ஒன்றை எடுக்கட்டும். சேர்ந்து வந்ததை ‘காசஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

6.5 நேர்காணலைப் பதிவது

பருவத்தில் அதிக நேரம் கேட்கும் பகுதி இது. நோயாளியின் முதன்மைக் குறையை அவர் சொன்ன சொற்களிலேயே, எவ்வளவு காலமாக என்பதோடு, பதிவது மனநலத் துறையின் வழக்கம். நம் மாவட்டத்தில் அந்தச் சொற்கள் தமிழ், அதிலும் ஊர்த் தமிழ்.

ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அறந்தாங்கிப் பக்கத்துப் பெண், வயது 45. ஒரு மாணவி அவராக நடிக்கிறார், இன்னொருவர் கேட்கிறார்.

— எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?
— நார்த்தாமலைத் தேர் முடிஞ்சதுலேருந்து ராவுல தூக்கம் புடிக்கல தாயி. நெஞ்சு படபடங்குது. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது.
— வீட்ல என்ன சொல்றாங்க?
— யாரோ வச்சுட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல.

இதைக் கேட்ட மாணவர்களில் பாதிப் பேர் முதல் வரியாக எழுதுவது: “ஷி இஸ் ஹேவிங் டிப்ரெஷன் சின்ஸ் டூ மந்த்ஸ்.” ஆங்கில ஆசிரியரின் கண் ‘இஸ் ஹேவிங்’கிலும் ‘சின்ஸ்’இலும் நிற்கும். அவை சின்னப் பிழைகள், பொருள் கெடவில்லை. பெரிய பிழை ‘டிப்ரெஷன்’. அந்த அம்மா அதைச் சொல்லவே இல்லை. மாணவர் தன் ஊகத்தை அவர் வாயில் வைத்துவிட்டார். திருத்தும்போது இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

பதிவை ஐந்து படியாகக் கற்பியுங்கள்.

காலம். கிராமத்தில் காலம் திருவிழாவாலும் அறுவடையாலும் சாவாலும் குறிக்கப்படும். நார்த்தாமலைத் தேர் பங்குனியில். இன்றைய தேதியிலிருந்து எண்ணி வாரக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு நாள்காட்டியைக் கையில் கொடுத்து, “ஆடிப் பெருக்குக்கு முன்னாடி”, “தை பொறந்ததுலேருந்து”, “நடவு முடிஞ்ச கையோட” போன்ற பத்துத் தொடர்களை மாற்றச் சொல்லுங்கள். கேட்டு உறுதிசெய்யும் கேள்வியையும் தமிழில் பழக வேண்டும்.

திரும்பக் கேட்டல். “தூக்கம் புடிக்கல” என்றால் படுத்தவுடன் வரவில்லையா, வந்து நடுவில் கலைகிறதா, விடிகாலையே விழிப்பு தட்டுகிறதா? ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று தொடர்கள். எதை எழுதுவது என்ற குழப்பம் வந்தால் அகராதி உதவாது, அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். மொழிபெயர்க்கத் திணறும் இடம் பலமுறை கேட்க மறந்த இடமாகவே இருக்கும்.

அப்படியே வைத்தல். “மனசு ஒட்ட மாட்டேங்குது” போன்ற தொடரைத் தமிழிலேயே மேற்கோளாக எழுதி, பக்கத்தில் ஆங்கில விளக்கம் சேர்க்கலாம். அடுத்துப் படிக்கும் மருத்துவர் தமிழராக இருந்தால் மூலத்தைப் பார்ப்பார், இல்லாவிட்டால் விளக்கத்தைப் பார்ப்பார். “உடம்பெல்லாம் எரியுது”, “தலை கிறுகிறுங்குது”, “வயித்தக் கலக்குது” எல்லாம் இந்த வகை. இவற்றை மாணவர்களே தத்தம் ஊர்களிலிருந்து திரட்டட்டும். மணமேல்குடிக் கடற்கரையில் சொல்வதும் விராலிமலைப் பக்கம் சொல்வதும் ஒன்றாக இருக்காது. ஆண்டுதோறும் வளரும் வகுப்புக் கையேடாக அது மாறும்.

யார் சொன்னது. தமிழில் ‘ஆம்’ ஈறு இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். “யாரோ கூப்பிடுறாங்களாம்” என்றால் நான் கேட்டது அல்ல, அவர் சொன்னது என்று ஒரே அசையில் விளங்கும். ஆங்கில வினைக்கு அப்படி ஈறு இல்லை. அதனால் மாணவர் “சம்ஒன் இஸ் காலிங் ஹிம்” என்று எழுதி, நோயாளி கேட்கும் குரலுக்குத் தானே சாட்சியாகிவிடுவார். வகுப்புக்கு ஒரு விதி கொடுங்கள்: தமிழில் சொன்னால் எங்கெல்லாம் ‘ஆம்’ சேர்ப்பீர்களோ, அங்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘ரிப்போர்ட்ஸ்’ போன்ற ஒரு வினை வேண்டும்.

எந்த வினை. எல்லாம் ஒன்றல்ல. ‘ரிப்போர்ட்ஸ்’, ‘ஸேஸ்’ நடுநிலையானவை. ‘க்ளெய்ம்ஸ்’ என்றால் எழுதுபவர் நம்பவில்லை என்ற வாடை அடிக்கும். ‘அட்மிட்ஸ்’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல. ‘டினைஸ்’ மட்டும் விதிவிலக்கு. மருத்துவக் குறிப்பில் அது, கேட்டதற்கு இல்லை என்று சொன்னார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை, மறைக்கிறார் என்று பொருளல்ல.

திரும்பக் கேட்டதில் படுத்தவுடன் தூக்கம் வரவில்லை என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்தால் அந்த அம்மாவின் பதிவு இப்படி வரும்: தேருக்குப் பிறகான வாரங்களாகப் படுத்தவுடன் தூக்கம் வருவதில்லை என்றும் நெஞ்சு படபடப்பு இருப்பதாகவும் ‘ரிப்போர்ட்ஸ்’. ஒட்டாத மனம் தமிழில், மேற்கோளுக்குள். கணவர் செய்வினை என்று ‘அட்ரிப்யூட்ஸ்’. கடைசி வாக்கியம், “ஷி டஸ் நாட் ஷேர் திஸ் வியூ.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடும் மாணவர்கள் நிறைய. கணவரின் நம்பிக்கை அவர் நம்பிக்கையாகப் பதிவாகிவிட்டால், அடுத்து வரும் சிகிச்சையாளர் வேறொருவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்.

ஒரு எச்சரிக்கை. உண்மை நோயாளியின் பதிவை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், பெயரை அழித்தாலும் வேண்டாம். நம் பக்கத்தில் ஊரும் தெருவும் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. கற்பனைப் பாத்திரங்களே போதும்.

6.6 வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பது

இளங்கலைத் திட்டப்பணிக்கு ஆங்கில வினாப்பட்டியலை எடுத்து, கூகுளில் போட்டுத் தமிழாக்கி, மறுநாளே கிராமத்துக்குப் போய்விடும் பழக்கம் பெருகியிருக்கிறது. இது ஆய்வுப் பிழை, மொழிப் பிழையும்கூட. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய பின்மொழிபெயர்ப்பு முறையை வகுப்பிலேயே பழக்கலாம்.

ஐந்து ஆங்கில வாக்கியங்களை முதல் குழு தமிழாக்கும். மூலத்தைப் பார்க்காத இரண்டாம் குழு அதைத் திரும்ப ஆங்கிலமாக்கும். மூன்றாம் குழு இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு எங்கே பொருள் வழுக்கியது என்று சொல்லும். ‘ஃபீலிங் ப்ளூ’ போன்ற ஒரு தொடரை வேண்டுமென்றே சேருங்கள். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடரும் இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் போட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். “வயித்தக் கலக்குது” என்று எழுதிய குழு தப்பிக்கும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 போன்ற பரவலான அளவுகோல்களுக்கு ஏற்கெனவே தமிழ் வடிவம் உண்டு. பி.எச்.கியூ.-9இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இப்படிப்பட்டவற்றை மாணவர் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது. ஒரு கேள்வியின் சொல் மாறினால் மதிப்பெண்ணின் பொருளும் மாறிவிடும். பயிற்சிக்கு நீங்களே எழுதிய வாக்கியங்களைப் பயன்படுத்துங்கள்.

6.7 பெயரும் ஒலியும்

உச்சரிப்புக்குத் தனி வகுப்பு தேவையில்லை, பாடத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். ‘சைக்காலஜி’, ‘சூடோ’ இரண்டிலும் முதல் எழுத்து ஒலிக்காது. ‘ஆங்ஸைட்டி’ என்று அழுத்தம் நடுவில் விழ வேண்டும். பெயர்களில்தான் கருத்தரங்க மேடையில் தடுமாற்றம்: ஃப்ராய்ட், யுங், பியாஜே, வுண்ட். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் இவை எளிதாக நாக்கில் ஏறும். மாணவர் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் ஒலிக்குறிப்பு எழுதினால் தடுக்காதீர்கள்.

6.8 மதிப்பெண்

பருவத் தேர்வு பல்கலைக்கழகத்தின் கையில். அகமதிப்பீடு உங்கள் கையில். கோடிட்ட இடத்தை நிரப்புவதற்குப் பதில் ஒரே பணியைக் கொடுங்கள்: ஐந்து நிமிடத் தமிழ் நேர்காணல் நடிப்பைப் பார்த்து, 150 சொற்களில் ஆங்கிலப் பதிவு. நூற்றுக்கு இப்படிப் பிரிக்கலாம்.

• சொன்னது குறையாமலும் சொல்லாதது சேராமலும் இருக்கிறதா: 40
• யார் சொன்னது என்பதும் காலக் கணக்கும் தெளிவாக உள்ளனவா: 25
• துறைச் சொற்கள் சரியா: 20
• இலக்கணம், எழுத்துப்பிழை: 15

இலக்கணத்துக்கு 15 தானா என்று கேட்பார்கள். பொருளைக் கெடுக்கும் இலக்கணப் பிழை முதல் இரண்டு வரிகளிலேயே மதிப்பெண்ணை இழந்துவிடும். மீதிக்கு 15 போதும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் இந்த முறையில் பின்தங்குவதில்லை. ஊர்ப் பேச்சை நுட்பமாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு முதல் 40 மதிப்பெண் அருகிலேயே இருக்கிறது.

6.9 பருவத் திட்டம் (15 வாரம்)

• வாரம் 1–3: தேவை கேட்டல், கல்விச் சொற்கள், பொருள் மாறும் சொற்கள்.
• வாரம் 4–6: லாஃப்டஸ் சோதனை, கட்டுரை வாசிப்பு, மூன்று நகர்வுகள்.
• வாரம் 7–8: ஸ்ட்ரூப் சோதனை, ரெக்கார்டு எழுத்து.
• வாரம் 9–13: நேர்காணல் பதிவு. ஊர்ச்சொல் கையேடு இங்கே தொடங்கும்.
• வாரம் 14: பின்மொழிபெயர்ப்பு.
• வாரம் 15: அகமதிப்பீட்டுப் பணி. திருத்திய தாள்களை உளவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் கண்ணுக்குப் படும் பிழைகளே அடுத்த பருவத்தின் முதல் பாடம்.